காலையில் மட்டும் நொண்டும் பிள்ளை

சூரியநெல்லி தேயிலைத் தோட்டத்து லயத்தில் குடியிருக்கும் ஷீனா விடிந்ததும் கொழுந்தெடுக்கப் போய்விடுவாள். ஆறு வயது மகள் நிமி எழுந்து நொண்டுவதைப் பார்ப்பவன் அவள் அப்பா டிஜோ மட்டும்தான். சாயங்காலம் ஷீனா திரும்பும்போது பிள்ளை ஓடியாடிக்கொண்டிருக்கும். "பள்ளிக்கூடம் போகாம இருக்க நடிக்கா" என்று நேற்று கம்பால் அடித்துவிட்டாள். இன்று டிஜோ ஆத்திரம் அடங்காமல் அவளுக்குச் சீட்டு எழுதினான்.

"ஷீனா, கண் டாக்டர்ட்ட போறோம். நீ அடிச்சது வீங்கின முட்டியில. இது பிள்ளைங்களுக்கும் வர்ற மூட்டுவாதம்னு, முட்டியப் பாத்த டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன், நீ சிரிச்ச. காலையில மூட்டு இறுகிக் கெடக்கும், நடக்க நடக்க எளகும். இந்த நோயில கண்ணும் வெளிய தெரியாமலே கெடும், அதனால சோதிக்கணுமாம். மருந்துக்கு அடங்கும், அடிக்கு அடங்காது. சோறும் ரசமும் இருக்கு. சாவி பக்கத்து வீட்டு ஞானஜோதி அக்காட்ட."

நிமி சுவரைப் பிடித்தபடி வந்து, "அம்மாவத் திட்டியாப்பா எழுதுற?" என்றாள்.

"இல்லம்மா" என்றான். பிறகு சீட்டின் அடியில் நெருக்கி எழுதினான்:

"கோபம் போகலை. நாளைக்கு ஒருநாள் லீவு போட்டு, இவ கட்டில்ல இருந்து எறங்குறதைப் பாரு. அப்புறம் பேசு."