மூன்று அலமாரிகளில் ஒரு குழந்தை

மார்ச் 3, செவ்வாய்

எங்கள் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தில் காலாண்டுக் கணக்கு நாள். முடித்த கோப்புகளைக் கட்டி மேசையில் அடுக்கினால்தான் எங்கள் மேலதிகாரி முகத்தில் களை வரும். அவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் ‘நடைமுறை சார்’. வாயைத் திறந்தால் “நடைமுறைன்னு ஒண்ணு இருக்குல்ல?” என்பார்.

இன்றைய அடுக்கில், நான் ‘வாயாடி’ என்று பெயர் வைத்திருக்கும் குழந்தையின் கோப்பும் இருந்தது. ஆறு வயதுப் பெண், முன்பல் இரண்டும் விழுந்தவள். காதோரம் கன்றிப்போயிருக்கிறது என்று பள்ளியிலிருந்து டீச்சர் எழுதியதால் போன மாதம் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். அம்மா, அம்மாவின் இரண்டாவது கணவர், இவள். உட்கார்ந்த இடத்தில் என்னைக் கேள்வியால் துளைத்துவிட்டாள். உங்க பைக்குள்ள என்ன இருக்கு? உங்களுக்கு யாரு தலை வாருவாங்க? நாம குடை கொண்டு வரலன்னு மழைக்கு எப்படித் தெரியும்? அந்த ஆள் உள்ளே வந்து செருமினான். சட்டென்று நிறுத்திவிட்டாள். கன்றிய காதைவிட அந்த நிறுத்தம்தான் என்னை உறுத்தியது. அடுத்த வாரம் போனால் வீடு பூட்டிக் கிடக்கிறது. நகரத்தின் மறுபக்கம் போய்விட்டார்களாம், எங்கள் எல்லைக்கு வெளியே.

எல்லை தாண்டினால் ‘குடும்பம் இடம் மாறியது’ என்று எழுதிக் கோப்பை முடிப்பது இங்கே வழக்கம். தீர்ந்த கணக்கில் அதுவும் ஒன்று! மூட்டை கட்டினால் பிரச்சினை தீர்ந்துவிடுமா? கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். “நீங்க போடலன்னா நான் போடறேன்” என்று அவரே போட்டுக்கொண்டார். போட்டுக்கொள்ளட்டும்.

மார்ச் 5, வியாழன்

தங்கச்சி அரசு ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டு நர்ஸ். எங்களோடுதான் இருக்கிறாள். சாப்பாட்டு மேசையில் வேலைக் கதை பேசக் கூடாது என்பது நாங்கள் இரண்டு பேரும் போட்டுக்கொண்ட சட்டம். அவளுக்கு நோயாளி ரகசியம், எனக்குக் கோப்பு ரகசியம். “ரெண்டு ஒற்றர்களோட குடித்தனம் நடத்தறேன்” என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார்.

இன்று அவள் தட்டைத் தொடவே இல்லை. “அக்கா, கையில மாவுக்கட்டோட ஒரு பொண்ணு வந்திருக்கு. குத்தும்போது ஊசிக்கு வலிக்காதான்னு கேக்குது. தனக்கு இல்லக்கா, ஊசிக்கு!” சிரிக்கப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது.

இப்படிக் கேட்க எனக்குத் தெரிந்து ஒருத்திதான் உண்டு.

“ஆறு வயசா? முன்பல்லு ரெண்டும் இல்லையா?”

“நான் ஒண்ணும் சொல்லலக்கா” என்று எழுந்துவிட்டாள். கதவு வரைக்கும் போய் நின்று, திரும்பாமலே சொன்னாள்: “மாடிப்படியில விழுந்துச்சுன்னு எழுதியிருக்கு. அதோட அப்பா உள்ள வந்தா மட்டும் வாயைத் திறக்கமாட்டேங்குது. நாளான்னைக்குக் காலையில வீட்டுக்கு அனுப்பறாங்க.”

ஒரே அடுப்பில் சமைத்ததைச் சாப்பிடுகிறோம். ஒரே குழந்தையின் கதையில் பாதி அவளிடம், பாதி என்னிடம். என்ன கூத்து இது!

மார்ச் 6, வெள்ளி

நாள் முழுக்க அலைச்சல். ஆஸ்பத்திரி அலுவலகத்தில், “எழுத்துல கேளுங்க, ஒரு மாசத்துல பதில் வரும்” என்றார்கள். ஒரு மாதத்தில் அவள் இன்னொரு வீட்டில் இன்னொரு கட்டோடு இருப்பாள், அப்போது யாருக்குப் பதில் அனுப்புவீர்கள்? காவல் நிலையத்தில் எனக்குப் பழக்கமான பெண் காவலர் தேடிப் பார்த்துச் சொன்னார். பழைய வீடு, புது வீடு இரண்டிலும் சண்டை என்று அக்கம்பக்கத்தார் கூப்பிட்டுப் போலீஸார் போயிருக்கிறார்கள். “அப்ப வீட்டுல குழந்தை இருந்துச்சா?” என்றேன். தலையைச் சொறிந்தார். “அதை எழுத எங்க ஃபாரத்துல கட்டமே கிடையாதே மேடம்.”

ஆக, பள்ளிக்குக் காது தெரியும், போலீஸுக்குச் சண்டை தெரியும், ஆஸ்பத்திரிக்குக் கை தெரியும். மூன்று அலமாரியில் மூன்று துண்டாகக் கிடக்கிறாள், முழுக் குழந்தையை யாருக்கும் தெரியாது. மூன்றையும் ஒரே தாளில் எழுதிக் குழந்தைகள் நலக் குழுத் தலைவியிடம் நேராகக் கொண்டுபோனேன். ஆமாம், நடைமுறை சாரைத் தாண்டித்தான். என்ன செய்துவிடுவார்? அம்மையார் இரண்டு தடவை படித்தார். விசாரணை முடியும்வரை குழந்தையை வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்று உத்தரவு போட்டார்.

மார்ச் 7, சனி

அனுப்பவில்லை. வார்டிலேயே இருக்கிறாள். இன்றைக்கு இது போதும்.

மார்ச் 9, திங்கள்

ஆஸ்பத்திரி வராந்தாவில் வாயாடியின் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். “டாக்டர்கிட்ட சொன்னது உங்களுக்கு எப்படி வந்துச்சு? நாலு பேரு கூடி என் புள்ளையப் புடுங்கறீங்க. இனிமே காய்ச்சல் வந்து கிடந்தாலும் இங்க கூட்டிட்டு வரமாட்டேன், பாத்துக்குங்க.”

வராந்தாவில் இருந்த மற்ற அம்மாக்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி தன் குழந்தையை மடியில் இழுத்துக்கொண்டாள். அதைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் செய்தது தப்பா? இல்லை, ஆயிரம் தடவை கேட்டாலும் இல்லை. ஆனால் இவளிடம் முதலில் சொல்லியிருக்க வேண்டும். இவள் முதுகுக்குப் பின்னால் பேசினால் எனக்கும் மூடிக் கிடக்கும் அந்த அலமாரிகளுக்கும் என்ன வித்தியாசம்?

பக்கத்தில் உட்கார்ந்து எனக்குத் தெரிந்தது எல்லாவற்றையும் சொன்னேன். யாரிடம் சொன்னேன், யாரிடம் சொல்ல மாட்டேன் என்பதையும் சொன்னேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ரொம்ப நேரம் அழுதாள். “நீங்க வந்துட்டுப் போன அன்னைக்கே மூட்டையக் கட்டச் சொன்னாரு. மாடிப்படியெல்லாம் எங்க வீட்ல இல்ல மேடம்.” அப்புறம் மெதுவாக, “வேற ஊர்ல என் தங்கச்சி இருக்கா. கூப்பிடட்டுமா?” என்றாள். கூப்பிடு என்று என் போனையே கொடுத்தேன்.

மார்ச் 11, புதன்

விளக்கம் கேட்டு மெமோ. முடித்த கோப்பை யார் சொல்லித் திறந்தேன், ஆஸ்பத்திரித் தகவல் தந்தது யார் — திங்கட்கிழமைக்குள் பெயர் வேண்டுமாம். தலைகீழாக நின்றாலும் கிடைக்காது.

மார்ச் 12, வியாழன்

தங்கச்சியோடு சண்டை. உன் பேரைச் சொல்ல மாட்டேன் என்றேன். “அதுல உன் வேலை போச்சுன்னா எப்படிச் சோறு போடுவ?” என்றாள். “போடுவேன்டி!” “ஒண்ணும் வேணாம். நீ பெரிய தியாகி மாதிரி ஆடாதே. எனக்கும் வாய் இருக்கு.” வீட்டுக்காரர் நடுவில் வந்து இரண்டு பேரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

மார்ச் 16, திங்கள்

விசாரணை. நடைமுறை சார், ஆஸ்பத்திரித் தலைமை டாக்டர், குழுத் தலைவி. பெயரைக் கேட்டார்கள். சொல்ல மாட்டேன் என்றேன். மறுபடி கேட்டார்கள். அதே பதில். கதவு திறந்தது. யூனிஃபார்மோடு தங்கச்சி! யாரும் அவளைக் கூப்பிடவே இல்லை.

“நான்தான் சொன்னேன். திரும்ப அப்படி ஒரு குழந்தை வந்தா திரும்பவும் சொல்லுவேன். எங்க அக்காகிட்ட சாப்பாட்டு மேசையில சொல்ற மாதிரி வெச்சிருக்கீங்களே, அது யார் தப்பு? சொல்றதுக்குன்னு ஒரு இடம் வைங்க சார், அங்க வந்து சொல்றேன்.”

“நடைமுறைன்னு ஒண்ணு...” என்று சார் ஆரம்பித்தார். “அதைத்தான் சார் அந்தப் பொண்ணும் கேக்குது” என்றார் தலைவி.

அடி என் தங்கமே! சின்ன வயதில் பல்லிக்குப் பயந்து என் முதுகில் ஒண்டியவளா இவள்?

ஏப்ரல் 2, வியாழன்

எனக்கு எழுத்தில் எச்சரிக்கை. தங்கச்சியை வார்டிலிருந்து எடுத்துக் கண் பிரிவுக்குப் போட்டுவிட்டார்கள். இனி அவள் பார்த்துக்கொள்ளக் குழந்தைகள் இல்லை, கண்ணுக்குச் சொட்டு மருந்துதான். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எனக்குப் பத்திக்கிட்டு வருது. நியாயமா இது?

ஒன்று மட்டும் நடந்திருக்கிறது. புதன்கிழமைதோறும் பள்ளி, போலீஸ், ஆஸ்பத்திரி, நாங்கள் — நாலு பேரும் ஒரே மேசையில். இரண்டு துறைக்காவது கவலை தரும் குழந்தையைப் பற்றி மட்டும்தான் பேச்சு. கூட்டத்தின் விதிகளில், வீட்டுக்காரரோடு சண்டை போடுவதுபோல் மல்லுக்கட்டி நான் சேர்த்த வரி: அம்மாவிடமோ, குழந்தைக்கு ஆபத்தில்லாத இன்னொரு பெரியவரிடமோ முதலில் சொல்ல வேண்டும். கூட்டத்துக்குத் தலைமை நடைமுறை சார். இது தன் யோசனை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறார். திரியட்டும்.

மே 20, புதன்

அந்த ஆள் மேல் வழக்கு. வாயாடியும் அம்மாவும் சித்தி வீட்டுக்குப் போய்விட்டார்கள். வேறு ஊர், எங்கள் எல்லைக்கு வெளியே.

கூட்டத்தில் சாரின் கை தானாகவே அந்தக் கோப்புக்குப் போனது. “இடம் மாறிட்டாங்க. அப்ப முடிச்சிடலாமா?”

“கையை எடுங்க சார்.”

நான்தான் சொன்னேன், எல்லோர் முன்னாலும். பெண் காவலர் உதட்டைக் கடித்துக்கொண்டு சிரித்தார். கோப்பு அந்த ஊர் அலுவலருக்குப் போகிறது. ‘தொடர்ந்து கவனிக்கவும்’ என்ற குறிப்பின் கீழே கையெழுத்து நடைமுறை சாருடையது.

ஜூலை 14, செவ்வாய்

அந்த ஊர் அலுவலர் போன் செய்தார். “கோப்பு வந்துச்சு மேடம், நேத்து வீட்டுக்குப் போனேன். கட்டுப் பிரிச்சாச்சு, ஸ்கூல்ல சேத்தாச்சு. ஒண்ணு கேக்கணும்... இந்தப் பொண்ணு எப்பவுமே இப்படித்தானா? வாய் ஓயவே இல்லையே! அவங்க சித்தப்பா வேலையிலிருந்து உள்ள வந்தாரு. செருப்பக்கூடக் கழட்ட விடல, கேள்வியா கேட்டு மனுஷனை ஒரு வழி பண்ணிட்டா.”

சாப்பாட்டு மேசையில் சட்டத்தை மீறித் தங்கச்சியிடம் சொன்னேன்.

“அவரு உள்ள வந்தப்பறமும் நிறுத்தலியா?” என்றாள்.

“நிறுத்தல.”

இன்னொரு தடவை கேட்டாள். இன்னொரு தடவை சொன்னேன். தட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தாள்.