மாமாவின் பழைய பதிவு

காலை 6.10. உங்களை எழுப்பினால் நேற்றைய சண்டை விட்ட இடத்திலிருந்து தொடங்கும். அதனால் எழுதிவைத்துவிட்டு டியூட்டிக்குக் கிளம்புகிறேன்.

கிடைத்துவிட்டது! நேற்று சொல்லவே விடவில்லையே நீங்கள். ஒன்பது வருடத்துக்கு முன் நான் ஆஸ்பத்திரியில் வேலை பழகியபோது மாமா தலையில் ஒயர் ஒட்டி மூளை அலையைப் பதிவு செய்தேன். "எங்கப்பா தலை உனக்கு ரஃப் நோட்டா?" என்று அப்போது கத்தினீர்களே, அதேதான். பயிற்சிப் பதிவுகளை அழிக்கச் சொல்லியிருந்தார்கள். நான் மறந்திருக்கிறேன்!

அதைக் காட்டியதும் டாக்டர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். ஒரே ஒரு பதிவை வைத்து மறதி நோயா என்று சொல்வது கஷ்டம். நன்றாக இருந்த காலத்துப் பதிவு யாரிடமும் இருக்காது. நம்மிடம் இருக்கிறது. அதில் கண்ணை மூடியதும் நொடிக்குப் பத்து அலை, அத்தனை சீராக. மறதி நோய் என்றால் அந்த வேகம் குறையும். இன்று எடுப்பதை அதன் பக்கத்தில் வைத்து, வேகம் குறைந்திருக்கிறதா என்று பார்ப்போம். "வயசானா மறக்கத்தான் செய்யும்" என்கிறீர்கள். நீங்கள் ஜெயித்தால் முதலில் குதிப்பது நான்தான்.

மாமாவுக்கு ஷாம்பு போட்டுத் தலை குளிப்பாட்டுங்கள். எண்ணெய் வேண்டாம், ஒயர் ஒட்டாது. காபியும் கூடாது. டிபன் அடுப்பு மேல் மூடியிருக்கிறது.

பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். நீங்கள் வரமாட்டேன் என்றதால் மாமாவுக்கு டாக்ஸி சொல்லியிருக்கிறேன். கார் சாவி ஃப்ரிட்ஜ் மேல்.

பி.கு.: மாமா எழுந்துவிட்டார். விஷயத்தைச் சொன்னேன். "அந்த ஒயர்தானே? ஆடாம உட்காருங்கன்னு அதட்டினியே!" என்று சிரித்தார். நான் கிளம்பச் செருப்பு மாட்டும்போது மெல்லக் கேட்டார்: "அவன் கூட வருவானாம்மா?"