செயினில் வைக்காத பொட்டு

6.10.81 செவ்வாய்

காலையிலிருந்து தூறல். சைக்கிள் பிரேக் கட்டை தேய்ந்துவிட்டது.

நாளை ஆயுத பூஜை. மந்தாரக்குப்பத்தில் எல்லா ஒர்க்‌ஷாப்பிலும் கழுவல், துடைப்பு, காகிதத் தோரணம். எங்கள் ஒர்க்‌ஷாப்பில் மட்டும் கிடையாது. நான் மேஸ்திரியான முதல் வருஷம். போன வாரமே முதலாளியிடம் சொல்லிவிட்டேன். பூஜை இல்லாவிட்டால் சுரங்கத்துக்குப் போக வேண்டிய மூன்று கியர்பாக்ஸும் வெள்ளிக்குள் முடியும் என்றதும், மனிதர் சாமியை உடனே விட்டுக்கொடுத்துவிட்டார். பக்தியின் லட்சணம் அவ்வளவுதான்.

போன வருஷம் நடந்தது மறக்கவில்லை. ஏழுமலை, வடக்குத்துக் காலனி ஆள், பதினைந்து வருஷமாக இங்கே ஹெல்பர். பூஜைக்கு முந்தின நாள் ஒர்க்‌ஷாப்பைக் கழுவியது அவன். பளு தூக்கும் செயின் பிளாக்கை இறக்கி, மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, கண்ணி கண்ணியாகத் துடைத்து, கண்ணிக்கு ஒரு சந்தனப் பொட்டு வைத்தது அவன். பூஜை நேரத்தில் மட்டும் அவன் வாசலுக்கு வெளியே. பூசாரி எட்டி நின்று அவன் துண்டில் பொரியைக் கொட்டினார். இவனும் கும்பிட்டு வாங்கிக்கொண்டான்.  நான் மேஸ்திரியானால் இங்கே பூஜையே கிடையாது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

இன்று சாயங்காலம் ஏழுமலை தயங்கித் தயங்கி வந்தான்.

"மேஸ்திரி, பூஜை வேணாம்னா வேணாங்க. செயினை மட்டும் எறக்கிக் கழுவி வச்சிடட்டுங்களா?"

"கழுவினா பொட்டு வைப்பே."

சிரித்தான். "வைக்காம எப்படிங்க?"

வேண்டாம் என்றேன். இனி மாதாமாதம் செயினை நானே சோதித்து நோட்டில் எழுதுவேன், இந்தச் சனிக்கிழமையே ஆரம்பம், அதற்குப் பொட்டும் தேவையில்லை பொரியும் தேவையில்லை என்றேன். சரிங்க என்று போய்விட்டான்.

வாங்க: நோட்டு 1. பிரேக் கட்டை. சரோஜாவுக்குத் தலைவலி மாத்திரை.

7.10 புதன்

தெருவெல்லாம் ஒலிபெருக்கி. எங்கள் ஒர்க்‌ஷாப்பில் லேத் சத்தம் மட்டும். மத்தியானம் ஏழுமலை வீட்டுச் சுண்டல். செயின் பிளாக்குக்குக் கீழேயே எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து தின்றோம், ஏழுமலை நடுவில். இந்தக் காட்சிக்கு எந்தப் பூசாரி வேண்டும்? சந்தோஷமாக இருந்தது.

வீட்டுக்கு வந்தால் என் சைக்கிளுக்குப் போடச் சரோஜா குங்குமம் வைத்துக்கொண்டு நிற்கிறாள். நான் தடுத்தேன். பள்ளிக்கூட நோட்டுத் திருத்த உட்கார்ந்துவிட்டாள். ரசம் ஆறிப்போயிருந்தது.

11.10 ஞாயிறு

படிப்பகத்தில் பட்டிமன்றம். 'மதம் ஒழிந்தால் உலகம் உருப்படுமா?' உருப்படும் என்ற கட்சிக்கு நான் கடைசிப் பேச்சு. ஏழுமலை பெயரைச் சொல்லாமல் பொரிக் கதையைச் சொன்னேன்.  எதிர்க் கட்சியில் ஒரு ரிடையர்டு வாத்தியார் எழுந்து, மதத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எதை வைப்பீர்கள் என்று கேட்டார். அறிவை வைப்போம் என்றேன். கைதட்டல் அடங்க வெகு நேரம்.

நேற்று செயின் பார்க்கவில்லை. பேச்சுத் தயாரித்ததில் நேரம் போய்விட்டது. நாளை.

17.10 சனி

மழை. ஒர்க்‌ஷாப்புக்குள் ஒழுகல், இரண்டு இடத்தில் வாளி. பிரேக் கட்டை மாற்றியாயிற்று. செயின் - திங்கள் கட்டாயம்.

22.10 வியாழன்

ஏழுமலையின் வலது கை.

வேறொரு கியர்பாக்ஸைத் தூக்கிக்கொண்டிருந்தோம். கீழே கட்டை வைக்கக் கையை நீட்டினான். செயின் அறுந்தது. மூன்று விரல் போய்விட்டது. மீதி இரண்டும் சந்தேகம் என்கிறார் டாக்டர்.

என் சட்டை முழுக்க ரத்தம். சரோஜா வாங்கி நனைத்து வைத்தாள்.

23.10 வெள்ளி

அறுந்த கண்ணியைக் கையில் வைத்துப் பார்த்தேன். விரிசலுக்குள்ளே துரு. நேற்று விழுந்த விரிசல் என்றால் உள்ளே பளபளவென்று இருக்கும். இது பல வாரத்து விரிசல். மேலே கிரீஸும் கரியும் அப்பியிருந்ததால் தெரியவில்லை. துடைத்திருந்தால் தெரிந்திருக்கும்.

பொட்டு வைக்க வேண்டுமானால் ஒவ்வொரு கண்ணியையும் துடைத்து, விரலில் பிடித்து, கண்ணுக்கு நேரே கொண்டுவந்தாக வேண்டும். வருஷத்தில் ஒரு நாள் அந்தச் செயினை ஒருவன் முழுசாகப் பார்த்தான். அந்த ஒரு நாளையும் நான் ஒழித்தேன். பதிலுக்கு வைத்தது ஒரு நோட்டு. அதில் முதல் பக்கத்தில் என் பெயர் மட்டும்.

ஒர்க்‌ஷாப் முழுக்க ஒரே பேச்சு, சாமி குத்தம். லேத்துக்காரன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்கிறான். 

முதலாளி கூப்பிட்டார். தொழிற்சாலை இன்ஸ்பெக்டருக்கு விபத்து ரிப்போர்ட் நான்தான் எழுத வேண்டுமாம். செயின் பழுது என்று எழுதினால் ஏழுமலைக்கு நஷ்டஈடும் உட்கார்ந்து செய்கிற வேலையும் தந்தாக வேண்டும், என் மேஸ்திரி வேலை போகும். ஹெல்பர் கவனக்குறைவு என்று எழுதினால் யாருக்கும் தொல்லையில்லை. ஏழுமலைக்கு மட்டும் ஒன்றும் கிடைக்காது. "அவனே சாமி குத்தம்னு சொல்லிகினு கெடக்குறான். நீ ஏன்யா சங்கடப்படுறே?" என்றார். வேண்டியதைச் செய், திங்கட்கிழமை ஒரு பூஜை போட்டுவிடலாம் என்றார்.

24.10 சனி

ஆஸ்பத்திரி. கட்டிலோரம் அவன் மனைவி அஞ்சலை. கட்டில் கம்பியில் மஞ்சள் துணியில் முடிந்த காசு.

உண்மையைச் சொல்லத்தான் போனேன். சத்தியமாக. அதற்குள் அவன் எனக்குச் சமாதானம் சொல்ல ஆரம்பித்துவிட்டான்.

"ஒங்க மேல தப்பே இல்லீங்க மேஸ்திரி. நீங்க நம்பாதவரு, ஒங்கள அது ஒண்ணும் கேக்காது. நம்புற நான் ஒங்களுக்குத் தெரியாம ஒரு பொட்டாவது வச்சிருக்கணும். எம்மேல கோவம் வந்துடுச்சி."

இருபது வருஷம் மேடையில் பேசிய இந்த வாய், "ஆமாம் ஏழுமலை, அப்படித்தான் இருக்கும்" என்றது.

வெளியே வந்து சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காறித் துப்பலாம் போல இருந்தது, என் மேலேயே.

25.10 ஞாயிறு

படிப்பகத்துச் செயலாளர் வந்தார். என் பேச்சை அச்சுப் போடப் போகிறார்களாம். தலைப்பு கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

மதம் இல்லாவிட்டால் உலகம் நன்றாக இருக்குமா? அவன் துண்டில் எட்டி நின்று கொட்டிய பொரியை நினைத்தால் இன்றைக்கும் இருக்கும் என்றுதான் சொல்வேன். ஆனால் அந்த உலகத்தில் எனக்கு ஒளிய இடமில்லை. முதலாளிக்கு ஒரு பூஜை, எனக்கு ஒரு 'ஆமாம்'. இரண்டு பேரும் ஒரே சாமி முதுகுக்குப் பின்னால் நிற்கிறோம். அவராவது கும்பிட்டுவிட்டு நிற்கிறார்.

சரோஜாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சாமியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "அந்த ரிப்போர்ட்ல என்ன எழுதப் போறீங்க?" என்றாள்.

26.10 திங்கள்

தீபாவளி நேரம். காலை ஆறு மணிக்கே வெடி.

ரிப்போர்ட்டில் எழுதினேன்: 'செயினைச் சோதிக்கும் பொறுப்பு என்னுடையது. சோதிக்கவில்லை. கழுவ வந்தவரையும் தடுத்தேன்.' கையெழுத்துப் போட்டுத் தபாலில் சேர்த்தேன். நகலை முதலாளி மேஜையில் வைத்தேன். பூசாரி பூசணிக்காயோடு வந்து காத்திருந்தார். முதலாளி படித்துவிட்டுச் சாவிக்கொத்தைக் கேட்டார். கொடுத்தேன்.

அங்கிருந்து நேரே ஆஸ்பத்திரி. ஏழுமலையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். விரிசல், துரு, நோட்டு. சனிக்கிழமை நான் ஆமாம் சொன்னது பொய் என்றும் சொன்னேன். நஷ்டஈடு கிடைக்கும் என்றேன். மனசு லேசாகும் என்று நினைத்திருந்தேன். என் மனசு.

 அவன் கட்டுப் போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப சாமிக்கு எம்மேல கோவம் இல்லீங்களா?"

"இல்லை."

"சும்மாவா போச்சி, கையி?"

 விரல் போன அன்றைக்கும் அழாத ஆள், அப்போதுதான் அழுதான்.

அஞ்சலை எழுந்து வந்து எனக்கும் கட்டிலுக்கும் நடுவில் நின்றாள். "நீங்க போங்க மேஸ்திரி" என்றாள்.

வந்துவிட்டேன்.