எடையில்லாத துணை

உன் ஜோல்னாப் பையை இன்று உதறினேன். தூசியோடு கடுக்காய் வாசனை வந்தது. மூலைத் தையலில் ஒரு துண்டு சிக்கியிருக்கிறது. மலையேறும்போது வாயில் ஒதுக்கிக்கொள்வாயே, அதில் மிச்சம். காமாலை உன்னைக் கொண்டுபோன பிறகு, காரியத்தன்று உன் அம்மா இந்தப் பையை, உள்ளே மடித்திருந்த உன் நூல்புடவையோடு, என்னிடம் கொடுத்தார். அன்றே உனக்கு எழுதியிருக்க வேண்டும். இவ்வளவு தாமதமாக, இப்படி ஓர் அவசரத்தில் எழுதுகிறேன்.

கள்ளக்குறிச்சியில் அண்ணன் வீட்டில் இருக்கிறேன். மகனுக்குப் பால் மறக்கடிக்க வேண்டும், நாலு நாள் அவன் கண்ணில் படாமல் இரு என்று எல்லோரும் சொன்னார்கள். வெள்ளிமலையில் அவன் அப்பாவிடம் விட்டுவிட்டு இறங்கி வந்தேன். வந்த மறுநாளே இட ஒதுக்கீட்டுப் போராட்டம். சாலையெங்கும் புளியமரங்களை வெட்டிப் போட்டிருக்கிறார்கள். பஸ் இல்லை, ஜீப் இல்லை. இன்று, மலையிலிருந்து நடந்தே வந்த தபால்காரர் வாசலில் நின்று சொன்னார்: "கொயந்தைக்குக் காய்ச்சலும்மா. சோறு எறங்கல. சார் உங்களாண்ட சொல்லச் சொன்னாரு."

விடிந்ததும் கிளம்புகிறேன். கரும்புக் கொல்லைகள் வழியாகக் கச்சிராயபாளையம் வரை ஒரு மாட்டுவண்டி போகிறது. அதற்கு மேல் நடை. அண்ணன் துணைக்கு வர முடியாது. ஆண்களைச் சாலையில் கண்டாலே போலீஸ் வண்டியில் ஏற்றிவிடுகிறார்கள்.

அண்ணி பையை நிரப்பிக்கொண்டே இருந்தாள். பால் பவுடர் டப்பா, பிளாஸ்க், கம்பளி, மரப்பாச்சி. "அந்த மலையில இன்னா கெடைக்கும்? எல்லாத்தயும் எடுத்துக்கினு போ" என்றாள். பயத்தில் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். தூக்கிப் பார்த்தால் தோள் இறங்கியது.

அப்போதுதான் கோமுகி அணைக்கரை ஞாபகம் வந்தது. கல்லூரியில் இரண்டாம் வருஷம். செடி சேகரிக்கத் தனியாகப் போகிறவள் நீ. அந்த முறை நானும் ஒட்டிக்கொண்டேன். மலை தொடங்கும் முன்பே என் பையைக் கரையில் கவிழ்த்தாய். கண்ணாடி, பவுடர் டப்பா, இன்னொரு ஜோடி செருப்பு எல்லாம் உருண்டன.

"இன்னாடி, கண்ணாலத்துக்கா போற? ஒரு சாமான்னா மூணு வேலை செய்யணும். ஒத்த வேலை செய்யறதெல்லாம் வூட்ல கெடக்கட்டும்."

உன் பையில் ஒரு பழைய நூல்புடவை இருந்தது. போர்வையும் அதுதான், கயிறும் அதுதான், துணி மாற்ற மறைப்பும் அதுதான். "அதுலயே தூளி கட்டிப் புள்ளையும் தூங்க வெப்பியா?" என்று கிண்டல் செய்தேன். "எனக்கெதுக்கு? நீ கட்டு" என்றாய்.

வழியில் யாராவது "தனியாவாம்மா போற?" என்று கேட்டால் உன்னிடம் ஒரு பதில் தயாராக இருக்கும்: "எங்க வூட்டுக்காரரு முன்னால போய்க்கினு இருக்காருங்க." கல்யாணமே ஆகாதவள். நான் சிரித்தால், "அந்தாளுக்கு எடையே கெடையாதுடி. எம்மாந்தூரம் வேணும்னாலும் தூக்கிக்கினு போலாம்" என்பாய்.

எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டேன். உன் நூல்புடவை, காய்ச்சல் மருந்து, ஒரு டம்ளர், கொஞ்சம் அவல். அவ்வளவுதான். உன்னைப் போலப் பையை மார்புக்குக் குறுக்கே மாட்டத்தான் முடியவில்லை. பால் கட்டிக்கொண்டு, வார் பட்டாலே உயிர் போகிறது.

மிச்சத்தை வெள்ளிமலையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மலையடிவாரத்தில், வெட்டிப் போட்டிருந்த மரத்துக்கு இந்தப் பக்கம் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். கையில் அரிவாள். ஒருவன் கேட்டான், "எங்கம்மா தனியா?" உன் பதிலைச் சொன்னேன். வூட்டுக்காரர் முன்னால் போகிறார் என்று.

"ஆம்பள யாரும் இந்தப் பக்கம் போகலியே. யாருக்குச் சேதி எடுத்துக்கினு போற?"

பையை வாங்கி அடிமரத்தின் மேல் கவிழ்த்தான். அன்று நீ கவிழ்த்த மாதிரியே. புடவை விழுந்தது, மருந்துப் புட்டி உருண்டது, நான் குனிந்து பிடித்தேன். என்னை அறியாமல் வந்தது: "வூட்டுக்காரரு இல்லீங்க, என் கூட்டாளி. அவதான் முன்னால போறா. கொயந்தைக்குக் காய்ச்சல்."

வயதான ஒருவர் என் ரவிக்கை நனைந்திருப்பதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். "வுடுங்கடா. பால் குடுக்கறவடா அவ, புள்ளையப் பாக்க ஓட்றா." புடவையை அவரே மடித்துப் பையில் வைத்தார். "வெரசா போம்மா. கூட்டாளிய எட்டிப் புடிச்சிடுவ."

ஒவ்வொரு வளைவிலும் நிமிர்ந்து பார்த்தேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை.

வந்து சேர்ந்தபோது பிள்ளை கண் திறக்காமல் கிடந்தான். மருந்து கொடுத்து, நெஞ்சோடு அணைத்தேன். பாலை மறந்திருக்கவில்லை. இப்போது உன் புடவைத் தூளியில் தூங்குகிறான். நெற்றியைத் தொட்டுத் தொட்டு எழுதுகிறேன். சூடு இன்னும் முழுதாக இறங்கவில்லை. இறங்காவிட்டால் இவனைத் தூக்கிக்கொண்டு அதே வழியில் ஆஸ்பத்திரிக்கு நடக்க வேண்டும். பை ஆணியில் தயாராகத் தொங்குகிறது.

தனியாவா என்று மறுபடி கேட்பார்கள். கூட்டாளி முன்னால போய்க்கினு இருக்கா என்பேன்.