பச்சை ரப்பர் பேண்டு போட்ட பாட்டில்

மார்ச் 3, திங்கள்

மதியம் இரண்டு மணியிலிருந்து நாலு மணி வரை ஒரு டீ கூடப் போகவில்லை. பாய்லர் மட்டும் எனக்குத் துணையாகக் கொதித்துக்கொண்டிருந்தது. விழுப்புரம் வெயிலில் சூடாக டீ குடிக்க யாருக்குப் பைத்தியம்? மாஸ்டர் வழக்கம்போல வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினார். மாஸ்டர் என்றால் என் வீட்டுக்காரர் பிரான்சிஸ்தான். ஆட்டோ ஸ்டாண்டு முழுக்க அப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்கும் வாயில் அதுவே வருகிறது.

சாயங்காலம் பிரவீன்குமார் வந்தான். எதிர்ச்சாரியில் தள்ளுவண்டியில் செல்போன் கவர் விற்கிறவன். எங்கள் டீக்கடையில் நான் வடை போடுகிற பக்கத்தை மே மாதத்திலிருந்து வாடகைக்குக் கேட்கிறான். மாஸ்டர் யோசிக்கிறேன் என்றாராம். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தப் பக்கம்தான் என் இடம். அங்கே செல்போன் கவரைத் தொங்கவிட்டால் நான் எங்கே போய்த் தொங்குவது?

மார்ச் 5, திருநீற்றுப் புதன்

கோயிலிலிருந்து நெற்றியில் சாம்பலோடு வந்து மாஸ்டர் அறிவித்தார்: ஈஸ்டர் வரைக்கும் டீ, காப்பி தொடமாட்டாராம். போன வருஷம் கறியை விட்டார். மூன்றாவது வாரமே, எலும்பு சூப் கறியில் சேராது, அது தண்ணி என்று அவரே தீர்ப்பு எழுதிக்கொண்டார். பார்ப்போம்.

மார்ச் 9, ஞாயிறு

திண்டிவனம் போய் வந்தேன். தங்கச்சி கவிதா அங்கே காயவைத்த பழமும் பூவும் பாக்கெட் போடுகிற இடத்தில் வேலை பார்க்கிறாள். ஒட்டு சரியாக விழாத பாக்கெட்டுகளைக் கொடுத்தாள். செம்பருத்தியும் ஆப்பிளும் ஒன்று. ஆரஞ்சுத் தோலும் இஞ்சியும் ஒன்று. மாம்பழமும் அன்னாசியும் இன்னொன்று. அதற்கு மேலே அவள் வீட்டுத் தொட்டியிலிருந்து ஒரு கட்டு எலுமிச்சம்புல்.

"ஐஸ் போட்டுக் குடுத்துப் பாரு அக்கா. பாண்டியில கண்ணாடி கிளாஸுல ஊத்தி என்னா விலைக்கு விக்கிறாங்க தெரியுமா?" என்றாள்.

பஸ்ஸிலேயே முடிவு பண்ணிவிட்டேன். மதியக் கடைக்கு இதுதான். மாஸ்டர் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "டீத்தூளே இல்ல. இதுக்கு எவன் டீன்னு பேரு வச்சான்?" என்றார். ஈஸ்டர் வரைக்கும் எனக்கு நாள் கொடுங்கள், அதற்குள் மதியத்தில் இது ஓடவில்லை என்றால் என் பக்கத்தைப் பிரவீனுக்கே கொடுங்கள் என்றேன். சரி என்று சிரித்தார். அந்தச் சிரிப்புதான் என்னை உசுப்பிவிட்டது.

மார்ச் 11, செவ்வாய்

ஐஸ் கரைந்தால் சப்பென்று ஆகிவிடும் என்று கவிதா சொன்னதால் எல்லாவற்றையும் இரண்டு மடங்கு தூக்கலாகப் போட்டேன். சர்க்கரை சூட்டிலேயே. பிறகு ஆறவைத்து ஐஸ்.

நான் குடித்துப் பார்த்த வகையில்: மாம்பழம் சூட்டில் வீடே மணந்தது. ஐஸ் போட்டதும் வாசனை எங்கே போனதோ, வெறும் சர்க்கரைத் தண்ணி. ஆரஞ்சுத் தோலை அடுப்பில் கொஞ்சம் மறந்துவிட்டேன், கஷாயமாகிவிட்டது. செம்பருத்தி நிறம் கண்ணைப் பறிக்கிறது. ஆனால் புளிப்பில் ஒரு கண் தானாக மூடிக்கொள்கிறது.

ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிற தேவாவையும் இன்னும் இரண்டு பேரையும் உட்காரவைத்து மூன்றையும் கொடுத்தேன். மூன்றுமே "நல்லாருக்குதுக்கா". எனக்குச் சந்தேகம் வந்து, நாலாவதாக ஐஸ் தண்ணியில் சர்க்கரையை மட்டும் கரைத்துக் கொடுத்தேன். தேவா சப்புக்கொட்டிக் குடித்துவிட்டு, "இதுதான்கா டாப்பு" என்றான்.

ஓசியில் கொடுத்துவிட்டு உண்மையை எதிர்பார்த்தது என் தப்பு. கொடுத்த வீட்டு முகம் வாடக் கூடாது என்று இந்த ஊரில் விளக்கெண்ணெயைக் கூட நல்லா இருக்கிறது என்பார்கள்.

மார்ச் 12, புதன்

இன்று நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. செம்பருத்தியை வடிகட்டி ஒரு கிளாஸில் ஆறவைத்திருந்தேன். மாஸ்டர் தேவாவோடு பேசிக்கொண்டே வந்தார், கை தன்பாட்டுக்கு ஒரு கரண்டி பாலை அதில் ஊற்றிவிட்டது. இத்தனை வருஷத்துப் பழக்கம், கிளாஸில் டிக்காஷன் தெரிந்தால் கை சும்மா இருக்காது. பால் திப்பி திப்பியாகத் திரிந்து, நிறம் சாக்கடை மாதிரி ஆகிவிட்டது. ஸ்டாண்டே சிரித்தது.

"பாலைச் சேத்துக்காதது டீயா?" என்று என்னைத்தான் முறைத்தார். ஊற்றினது யார்?

மார்ச் 14, வெள்ளி

வீட்டு ஃபிரிட்ஜில் மூன்று பாட்டில் வைத்திருந்தேன். செம்பருத்தி மட்டும் குறைந்திருக்கிறது. பையன் சென்னையில் படிக்கிறான். வீட்டில் நாங்கள் இரண்டே பேர். மதியம் வீட்டுக்கு வருகிறவர் ஒரே ஒருவர்.

நான் கேட்கவில்லை. ஏன் கேட்க வேண்டும்? டீத்தூள் இல்லாததால் அது டீ இல்லை, டீ இல்லாததால் விரதம் கெடவில்லை. எலும்பு சூப்பு தண்ணியான மாதிரிதான். டீக்கு ஏங்கிக் கிடக்கிற டீ மாஸ்டரின் நாக்கு. யாரும் பார்க்காத நேரம். முகம் வாடுமே என்ற கவலையும் இல்லை. இதைவிட நேர்மையாக ருசி பார்க்கிற ஆள் எனக்கு எங்கே கிடைப்பார்?

மார்ச் 17, திங்கள்

இனி செம்பருத்தி மட்டும்தான், மூன்று விதமாக. சர்க்கரை கூடினதுக்குச் சிவப்பு ரப்பர் பேண்டு. இஞ்சி போட்டதுக்கு மஞ்சள். எலுமிச்சம்புல் போட்டதுக்குப் பச்சை. தண்ணி நிற்கிற மட்டத்தில் பேண்டைச் சுற்றிவிட்டேன். சாயங்காலம் போய்ப் பார்த்தால் போதும்.

மார்ச் 18, செவ்வாய்

சிவப்பு ஒரு மிடறு. மஞ்சள் தொட்ட மாதிரி. பச்சை நாலு விரல்.

மார்ச் 21, வெள்ளி

புல்லை இன்னும் கொஞ்சம் தூக்கலாகப் போட்டேன். பச்சை பாட்டில் அடியில் ஒரு வாய் மட்டும் மரியாதைக்கு நிற்கிறது.

ராத்திரி சாப்பாட்டில், தாகமா இருந்தா அந்த ஜில் தண்ணியைக் குடிச்சிப் பாருங்களேன் என்று கேட்டேன். "சீ, மனுஷன் குடிப்பானா அத?" என்றார். நரைத்த மீசை ஓரத்தில் சிவப்பு. குழம்பு ஊற்றுகிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தேன்.

ஏப்ரல் 7, திங்கள்

கண்ணாடி ஜாடி வாங்கி, பலகையில் எழுதி, என் பக்கத்தில் வைத்தேன். தேவா ஒன்று வாங்கினான், எனக்காக. மற்றவர்கள் சர்க்கரை வியாதிக்கா, மூலத்துக்கா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். யாரோ, என்னா மாஸ்டர் புது டீயா என்று கேட்க, மாஸ்டர் எல்லார் முன்னாலும் சொல்கிறார், "டீயே இல்லடா. பூ அவிச்ச தண்ணி."

எனக்கு அழுகையே வந்துடுச்சு. வீட்ல பாட்டில் பாட்டிலா குடிச்சிட்டு இங்க வந்து என் மானத்த வாங்குறாரே, இந்த மனுஷன என்னா பண்றது? மீசையைப் பாருங்கடான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும். சொல்லல. விரதத்துல இருக்கிறவரை ஊர் முன்னால சிரிக்கவைக்க மனசு வரல. ஆனா பிரவீன் அங்க நின்னு கேட்டுக்கினு இருந்தான். அதான் தாங்கல.

ஏப்ரல் 10, வியாழன்

மூன்று கிளாஸ். அதில் ஒன்று தேவா.

ஏப்ரல் 12, சனி

விடிந்ததும் கடைசிப் பாக்கெட்டைப் போட்டு ஜாடியை நிரப்பி வைத்துவிட்டு, இன்னும் வாங்கிவரத் திண்டிவனம் போனேன். கவிதாவிடம் இதுதான் கடைசித் தடவை என்று சொல்லியும் விட்டேன். சாயங்காலம் திரும்பினால், ஜாடி கழுவிக் கவிழ்த்துக் கிடக்கிறது. பக்கத்தில் பிரவீன் அளவு டேப்போடு நிற்கிறான்.

சாக்கடையில ஊத்திட்டாரு, ஈஸ்டர் வரைக்கும் கூடப் பொறுக்கலன்னு நினைச்சிட்டேன். வாயைத் திறக்கப் போன நேரத்தில் தேவா ஓடி வந்தான்.

மதியம் வெயிலில் பால் மொத்தமும் திரிந்துவிட்டதாம். மறுபடி பால் வரவில்லை. அந்த நேரம் பார்த்து அனந்தபுரத்துக் கல்யாண வேன் ஒன்று வந்து நின்று, குடிக்க ஏதாவது கொடு என்று இறங்கிவிட்டார்கள். மாஸ்டர் கொஞ்ச நேரம் ஜாடியையே பார்த்துக்கொண்டு நின்றாராம். பிறகு இரண்டு குவளையை எடுத்து, தலைக்கு மேலே தூக்கி ஆத்தினாராம், பால் டீ ஆத்துகிற மாதிரியே. சிவப்பாக நுரை கட்டி நின்றதாம். ஐஸைப் போட்டு நீட்டியதும் ஒரு ரவுண்டு போதாமல் இரண்டாவது ரவுண்டு கேட்டார்களாம்.

"யாரு போட்டதுன்னு கேட்டாங்கக்கா. எங்க வீட்டம்மான்னு சொன்னாரு," என்றான் தேவா.

மாஸ்டர் பாய்லரைத் துடைத்துக்கொண்டிருந்தார். "பாலு இல்ல. வேற வழியில்ல," என்றார். அவ்வளவுதான். ஆத்தினால் நுரை வரும் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை?

ஏப்ரல் 16, புதன்

மதியம் அவர் வீட்டுக்குப் போகவில்லை. அவர் ஆத்துகிறார், நான் ஐஸ் போடுகிறேன். ஜாடி மூன்று மணிக்கே காலி. பிரவீன் விஷயத்தை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

பூசை முடிந்ததும் மாஸ்டர் நேராகக் கடைக்கு வந்து தனக்கு ஒரு பால் டீ போட்டுக்கொண்டார். ஸ்டாண்டே சுற்றி நின்று பார்த்தது. கண்ணை மூடிக் குடித்தார். விரதம் முடிந்தது, பாலும் டீத்தூளும் திரும்பக் கிடைத்துவிட்டது, இனி பூத்தண்ணியை எதற்குச் சீந்தப்போகிறார்? ராத்திரி வரை அந்தப் பக்கத்தைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை.

ஏப்ரல் 21, திங்கள்

காலையில் பிரவீன் முன்பணத்தோடு வந்தான். மாஸ்டர் நிமிரக்கூட இல்லை. "அந்தப் பக்கம் ஆளு இருக்குதுப்பா. வேற எடம் பாத்துக்க," என்றார். எனக்குக் கையில் இருந்த வடை மாவு நழுவி எண்ணெயில் விழுந்து தெறித்தது. சுட்டதுகூடத் தெரியவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

மதியம் என் பக்கம் வந்து, ஜாடியிலிருந்து தானாக ஒரு கிளாஸ் எடுத்துக் குடித்தார். எல்லார் முன்னாலும்.

"புல்லு இன்னும் கொஞ்சம் தூக்கலா போடு மலரு. அந்த வெள்ளிக்கிழமை இருந்துச்சே, அந்த மாதிரி."

"எந்த வெள்ளிக்கிழமைங்க?" என்று ஒன்றும் தெரியாதவள்போலக் கேட்டேன்.

"பச்சை ரப்பர் பேண்டு போட்டு வச்சியே, அது." கிளாஸைக் கழுவி வைத்துவிட்டுச் சொன்னார். "ஒரு நாளு அந்தப் பேண்டு வழுக்கி அடியில விழுந்துடுச்சு. நான்தான் நீ போட்ட எடத்துல திரும்ப ஏத்தி வச்சேன். இல்லேன்னா உன் கணக்கு தப்பிப் போயிருக்கும்."

சொல்லிவிட்டுப் பாய்லர் பக்கம் போய்விட்டார். இத்தனை நாளும் நான் அவரை ஏமாற்றுவதாக நினைத்துக்கொண்டு குனிந்து குனிந்து சிரித்திருக்கிறேன்.

நாளைக்குப் புல்லைத் தூக்கலாகப் போட வேண்டும். கடை ஜாடிக்கும் ஒரு பச்சை ரப்பர் பேண்டு மாட்டிவிட்டேன். அகலமான ஜாடி, அந்த அளவுக்குப் பேண்டு தேடித்தான் எடுக்க வேண்டியிருந்தது.