ஆடு கறுத்த ஆறு

இஞ்சாருங்கோ,

நீங்கள் எழும்ப முன்னம் நான் ஹீத்ரோ விமான நிலைய ஷிப்டுக்குப் போய்விடுவேன். அதனால் இதைத் தேத்தண்ணிக் கோப்பைக்குக் கீழே வைக்கிறேன். பிழை பார்க்காதீர்கள், நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள்.

செவ்வாய்க்கிழமை நூலக வகுப்பு முடிந்து வந்து, பழைய கிரேக்கர் எழுதிவைத்த அதிசயங்களை முன்பெல்லாம் எனக்குத்தான் சொல்லுவீர்கள். ஒரு ஆற்றுத் தண்ணீரைக் குடித்தால் வெள்ளை ஆடு கறுத்துப்போகும் என்றீர்கள்.

"ஆர் கண்டது?" என்று கேட்டேன்.

"ஒருத்தரும் காணேல்லையப்பா. கேள்விப்பட்டதைத்தான் எழுதினவை" என்று சிரித்தீர்கள்.

இப்போது வந்ததும் "களைப்பப்பா" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்கிறீர்கள். வகுப்பில் உங்கள் பக்கத்துக் கதிரையில் இருக்கிற வெள்ளைக்காரி டொறத்திக்கே கதையெல்லாம் முடிந்துவிடுகிறது போல.

நானும் சில அதிசயங்கள் சேர்த்திருக்கிறேன். நான் கட்டித்தந்த இடியப்பம் அப்படியே திரும்பி வருகிறது. சீஸ் மணத்துக்கே குமட்டி ஓங்காளிக்கிற மனுசனின் கோட்டுப் பையில் சீஸ் சாண்ட்விச் துகள். குடை கொண்டுபோகாதவர் கொட்டுகிற மழையிலும் நனையாமல் வருகிறார். கண்டது இவ்வளவுதான். காணாததை எழுத நான் என்ன கிரேக்கத்தியா?

வருகிற செவ்வாய் ஷிப்டை மாற்றிவிட்டேன். உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் எனக்கு ஒரு கதிரை பிடித்து வையுங்கள். இடியப்பமும் நல்ல உறைப்பாய் இடிச்ச சம்பலும் கொண்டுவருவேன், அவவுக்கும் சேர்த்துத்தான். ஆடு கறுத்ததை ஒருவரும் காணவில்லை. டொறத்தி சிவக்கிறதையாவது நான் கண்ணால் பார்க்கிறேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் பக்கத்தில் இருங்கள். அந்த ஆட்டுக் கதையை முதலிலிருந்து சொல்லுங்கள்.

கேட்கக் காத்திருக்கும்,
உங்கள் ஐந்தாம் வகுப்புக்காரி