அண்ணனும் என் யுனிவர்சிட்டியும்

செப். 19, சனி. கச்சிராயபாளையம்

மழை இல்லை, புழுக்கம். பஸ் ஓடாமல் மூன்றாவது நாள். கள்ளக்குறிச்சி ரோட்டில் புளியமரங்களை வெட்டிப் போட்டிருக்கிறார்கள். இடஒதுக்கீடு கேட்டு மறியல். சேகர் அண்ணனும் அதில்தான். நேற்று வீட்டுக்கே வரவில்லை.

மெட்ராஸிலிருந்து லீவில் அம்மாவைப் பார்க்க வந்தவள் மாட்டிக்கொண்டேன். திங்கள் மாலை யுனிவர்சிட்டி நாடகக் குழுவுக்கு ஆள் எடுக்கிறார்கள். எம்.ஏ. முதல் வருடம் முழுக்க ஹாஸ்டல், கிளாஸ், ஹாஸ்டல். ஊர்ப் பேச்சு வாயில் வந்துவிடுமோ என்று யாரிடமும் பேசாமல் ஓட்டிவிட்டேன். இந்த வருடம் அப்படி இல்லை. நாடகம். லைப்ரரியில் பாடப் புத்தகம் அல்லாத புத்தகங்கள். வேறு டிபார்ட்மெண்ட் லெக்சர்கள். தனியாக பீச்.

அப்பாவிடம் கேட்டேன். "நாடகத்துல சேர்றதுக்கா ரோட்ல உயிர வுடணும்? பேசாம கெட."

செப். 20, ஞாயிறு

காலையில் அண்ணன் வந்தான். கை முழுக்கச் சிராய்ப்பு. கூழ் குடித்துக்கொண்டே, "இன்னா பாப்பா, மூஞ்சி ஒரு மாதிரி இருக்குது?" சொன்னேன்.

பி.ஏ. சேர மெட்ராஸில் அலைந்தவன் அவன். சீட் கிடைக்கவில்லை. பிறகு எனக்குக் கிடைத்தது. அதைப் பற்றி அவன் ஒருநாளும் பேசியதில்லை. நானும்.

"சின்னசேலத்துல ரயிலு ஓடுதாம். கெளம்பு."

"அப்பா?"

"நான் சொல்லிக்கிறேன். நாங்க ரோட்ல நிக்கிறதே சீட்டுக்குத்தான். கெடச்சவ வூட்ல குந்திக்கினு இருந்தா எப்டி?"

சைக்கிள். மரம் கிடந்த இடமெல்லாம் அவன் சைக்கிளைத் தூக்க, நான் பையைத் தூக்க. மறியலில் ஒருவர், "யாரு சேகரு இது, கூட?" "தங்கச்சி. படிக்கப் போவுது." அவரே என் பையை வாங்கி மறுபக்கம் வைத்தார்.

ரயில் நகரும்போது ஏதோ சொன்னான். கேட்கவில்லை.

செப். 21, திங்கள். மெட்ராஸ்

விருத்தாசலத்தில் மாறி, எழும்பூர் வரை நின்றபடியே. தூக்கமில்லை.

மாலை தேர்வு. வசனம் பாதியில் "இன்னாத்துக்கு" என்று வந்துவிட்டது. சிரித்தார்கள். ஓடிவிடலாம் போலிருந்தது. ஓடவில்லை. முதலிலிருந்து, முழுக்க ஊர்ப் பேச்சிலேயே பேசினேன். சிரிப்பு நின்றது. எடுத்துக்கொண்டார்கள்! சின்ன வேடம்தான்.

செப். 28, திங்கள்

அப்பாவிடமிருந்து கார்டு. அண்ணனைப் போலீஸ் பிடித்துப் போய்விட்டதாம். கடலூர் ஜெயில். நான் தேர்வான அதே திங்கட்கிழமை.

ஒத்திகைக்குப் போகவில்லை. படுத்துக் கிடந்தேன். பிறகு எழுந்து முகம் கழுவிப் போனேன். போகவில்லை என்று தெரிந்தால் திட்டுவான்.

அக். 12, திங்கள்

கேட்டில் ஆள் என்றார் வாட்ச்மேன். அண்ணன்! தாடி. கன்னம் ஒட்டிப்போய். விட்டுவிட்டார்களாம், வீட்டுக்குப் போய் அம்மாவைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறான். "ஒண்ணும் அடிக்கலம்மா. சோறுதான் கம்மி."

லைப்ரரி காட்டினேன். கடல் காட்டினேன். எதிலும் அவன் மனம் நிற்கவில்லை. என் வகுப்பறை வாசலில் மட்டும் நின்றுவிட்டான்.

"உள்ள குந்தலாமா?"

கடைசி பெஞ்ச். பேராசிரியர் வந்ததும் பார்த்துவிட்டார். "யாரும்மா இவர்?"

போன வருடமாக இருந்தால் எழுந்திருக்கவே மாட்டேன். "எங்க அண்ணன் சார். ஒரு கிளாஸ் கேக்கணும்னு வந்துக்கிறாரு." என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது.

"தாராளமா." போர்டு பக்கம் திரும்பிவிட்டார்.

அண்ணன் என்னிடம் தாளும் பேனாவும் வாங்கிக்கொண்டான். பாதி இங்கிலீஷ். ஆனாலும் எழுதினான், தலை நிமிராமல். மணி அடித்து எல்லோரும் எழுந்தார்கள். அவன் மட்டும் எழவில்லை.

"அடுத்த கிளாஸ் எப்ப பாப்பா?"